கடுகுப் பூ வில்லை

தாதெயாமா
அக்டோபர் 18, 2009

அன்புள்ள அகிஹோ அக்காவுக்கு,

கடற்காற்றில் குளிர் ஏறத் தொடங்கியிருக்கிறது. பள்ளி வேலிக்குப் பின்னால் நாணல் வெள்ளையாகப் பூத்துவிட்டது. டோக்கியோவில் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

கடிதத்தைப் பருவத்தைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்று மொழிப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. உனக்கு எழுதும் முதல் கடிதம் என்பதால் முறைப்படி எழுத விரும்பினேன். என் பிறந்தநாளுக்கு நீ அகராதி அனுப்பிய பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் உன் முகவரி இருந்தது. அதைக் கிழியாமல் உரித்து அகராதிக்குள்ளேயே வைத்திருக்கிறேன். உன் பழைய கைபேசி எண்ணில் வேறு யாரோ பேசுகிறார். எனக்குக் கைபேசி உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகுதான் என்று அம்மா சொல்லிவிட்டாள். ஆகவே கடிதம்.

உன்னிடம் ஓர் உதவி வேண்டும். பள்ளி விழாவுக்கு எங்கள் நூலகக் குழு புக்மார்க் செய்து விற்கப் போகிறது. அதில் ஒட்ட ஏதாவது கிடைக்குமா என்று தேடியபோது, உன் அலமாரியில் ஒரு தகர டப்பாவும் அதற்குள் நீ செய்த பாலிமர் களிமண் குச்சி ஒன்றும் கிடைத்தன. பென்சில் பருமன், சுண்டுவிரல் நீளம். முனையைப் பார்த்தால் மஞ்சள் சேறு மாதிரி இருந்தது. முனையை வெட்டிப் போட்டதும் உள்ளே கடுகுப் பூ. நான்கு மஞ்சள் இதழ்கள், நடுவில் பச்சைப் புள்ளி, ஒவ்வோர் இதழையும் சுற்றி நூல் போல ஓர் அடர்பச்சைக் கோடு. மூன்றாவது இதழ் மட்டும் கொஞ்சம் குட்டை. எங்கே வெட்டினாலும் அதே பூ, அதே குட்டை இதழ்.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. அம்மா சோற்றை உருட்டிக் கடையில் விற்கும் படச் சுருள் எப்படியோ, இதுவும் அப்படித்தான். மஞ்சள் முட்டைச் சோறு இதழ், சுற்றிலும் கடற்பாசித் தாள் கோடு. உருட்டி முடித்து வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் பூ. நீ இதை எங்கிருந்து கற்றுக்கொண்டாய் என்று நான் ஏன் இத்தனை நாள் யோசிக்கவே இல்லை என்று தெரியவில்லை. சுருளின் இரண்டு கோடியிலும் படம் தெளியாமல் போகும் முனைத்துண்டுகளை அம்மா நமக்குத் தருவாளே, உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. இப்போது இரண்டையும் நானே சாப்பிடுகிறேன்.

என் சிக்கல் இதுதான்: குச்சியை வெட்டினால் வில்லை பொடிப்பொடியாக உடைகிறது. எப்படி வெட்ட வேண்டும்?

இன்னொரு செய்தி. நகராட்சியிலிருந்து, இருபது வயது நிறைகிறவர்களுக்கு நடத்தும் விழாவுக்கு உன் பெயரில் அழைப்பு வந்திருக்கிறது. ஜனவரி பத்து, ஞாயிற்றுக்கிழமை. அம்மா அதைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்திருக்கிறாள். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் அந்த இடத்தில் இருந்த மீன் சந்தை விடுமுறைப் பட்டியலை எடுத்துவிட்டாள்.

வருவாயா?

உன் தங்கை,
சாயோ


கமாதா, டோக்கியோ
அக்டோபர் 27

சாயோ,

வானிலை அறிக்கை கிடைச்சுது. உன்ன மாதிரி புத்தகத்துல இருக்கற மாதிரியெல்லாம் எனக்கு எழுத வராது. பேசுற மாதிரிதான் எழுதுவேன். சகிச்சுக்கோ.

வெட்டுறது எப்படின்னா: முதல்ல குச்சியை வெந்நீர்ல கொஞ்ச நேரம் போட்டு வை. ஓவன்ல வெந்த களிமண் ஆறிப் போனா காஞ்ச ரொட்டி மாதிரி, வெட்டினா உடையும். சூடா இருக்கும்போது பாலாடைக்கட்டி மாதிரி வெட்டுப்படும். பிளேடை அழுத்தாத, இழு. ஒவ்வொரு வெட்டுக்கும் ஈரத்துணியில துடை. அம்மா சுருள் வெட்டும்போது பார்த்திருக்கேல்ல, அதே மாதிரிதான்.

இங்க எங்க நக அலங்காரக் கடையில பண்ற மாதிரி நகத்துல ஒட்டணும்னா, வில்லையைப் பத்திரிகை மேல வச்சா எழுத்து தெரியணும், அவ்வளவு மெல்லிசு. நகம் வளைஞ்சிருக்கு, வில்லையும் கூட வளையணும். ஜெல் பூசி, வில்லையை வச்சு, மேல இன்னொரு பூச்சு குடுத்து விளக்குல காட்டி இறுக வச்சா, கண்ணாடிக்குள்ள பூ பூத்த மாதிரி இருக்கும். புக்மார்க், கிளிப்பு, கைபேசி மூடி இதுக்கெல்லாம் அப்படித் தேவையில்ல. தடியா வெட்டு. அப்பதான் கையில நெருடும், அழகா இருக்கும்.

ஆனா அந்தக் குச்சி வேண்டாம். அதைத் தூக்கிப் போடு. நான் இங்க கடையில மிஞ்சினது கொஞ்சம் அனுப்பறேன். எலுமிச்சை, ஸ்ட்ராபெரி, பூனை மூஞ்சி. பூனை நல்லா விக்கும்.

ஏன் வேண்டாம்னு உனக்கே தெரியும். போன வருஷம் மே மாசம் இஷிகே மாமா புது வீட்டுக்கு உத்திரம் வச்ச அன்னிக்கு, விருந்துக்குப் போன நம்ம கடைச் சுருள்ல அவரு கடிச்சது அந்தக் களிமண் பூதான். அன்னிக்கு என் பத்து நகத்துலயும் அந்தப் பூதான். அம்மா என் மணிக்கட்டைப் பிடிச்சு, கையைத் தூக்கி, ஊரே பார்க்கக் காட்டினாங்க. "பாருங்க, இந்த நகம்தான்"னாங்க. ஏலத்துக்கு வந்த மீனைத் தூக்கிக் காட்டுவாங்களே, அப்படி.

விழாவுக்கு வரல. அழைப்பை எடுத்துட்டு விடுமுறைப் பட்டியலைத் திரும்ப ஒட்டச் சொல்லு.

அகிஹோ

நான் எழுதறது அம்மாவுக்குத் தெரியுமா?


தாதெயாமா
நவம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

இலையுதிர் காலம் முதிர்ந்து, காலையில் மூச்சு வெள்ளையாகத் தெரிகிறது. (மன்னித்துக்கொள். இது இல்லாமல் என்னால் தொடங்க முடியவில்லை.)

உன் கடிதத்தை அம்மா என் சோற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தாள். பிரிக்கவில்லை. ஆனால் உறையின் ஒரு மூலை சற்றுக் கசங்கியிருந்தது. உள்ளே என்ன நெருடுகிறது என்று விரலால் தடவிப் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன். ஆகவே, தெரியும்.

பூனை புக்மார்க் எல்லாம் விற்றுத் தீர்ந்தது. எலுமிச்சையை வாங்கிய இரண்டு பெண்கள் அதைப் பிய்த்து எச்சில் தொட்டு நகத்தில் ஒட்டிக்கொண்டு நடந்தார்கள். ஹிராதே டீச்சர் அவர்களைக் குழாயடிக்கு அனுப்பிவிட்டு, என்னிடம் ஒரு பூனை வாங்கிக்கொண்டு போனார்.

குச்சியை நான் தூக்கிப் போடவில்லை. கோபித்துக்கொள்ளாதே. நீ சொன்னபடி வெந்நீரில் போட்டு வெட்டிப் பழகினேன். எழுத்து தெரியும் அளவுக்கு வெட்ட எனக்கு வந்துவிட்டது. வெட்டிய வில்லையை விரலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு சந்தேகம் வந்தது.

இஷிகே மாமா கடித்தபோது நான் அவருக்குப் பக்கத்தில்தான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. கல்லைக் கடித்தது போன்ற சத்தம். அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, சுருள்ல எலும்பு வைக்கிற வழக்கம் எப்ப வந்துச்சு?" என்றார். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர் வாயிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டியதும் யாரும் சிரிக்கவில்லை.

அதனால் ஒரு மெல்லிய வில்லையைக் கழுவி, சோற்று உருண்டைக்குள் வைத்துக் கடித்துப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. பயறுத் தோல் போல வளைந்து கொடுத்தது. அது எங்கே இருக்கிறது என்றே நாக்குக்குத் தெரியவில்லை. பிறகு புக்மார்க்குக்காக வெட்டிய தடி வில்லையை வைத்துக் கடித்தேன். இஷிகே மாமாவின் சத்தம் வந்தது.

அன்று அவர் வாயிலிருந்து வந்த வில்லையை நீ கையோடு எடுத்துக்கொண்டு போனாய். அதைப் பிறகு எப்போதாவது பார்த்தாயா?

சாயோ


கமாதா
நவம்பர் 20

சாயோ,

களிமண்ணைத் திங்காத. முதல்ல அதைச் சொல்லிடறேன். பல்லு போனா இஷிகே மாமா பக்கத்துல நீயும் உக்காந்து கஞ்சி குடிக்க வேண்டியதுதான்.

ரெண்டாவது, துப்பறியாத. உனக்கு இது கதைப் புத்தகம். எனக்கு அப்படி இல்ல.

நான் பார்க்கல. பார்க்கவும் மாட்டேன். அன்னிக்கு அவரு கையில இருந்து வாங்கி ஒரு காகிதத்துல மடிச்சேன். அந்த மடிப்போடயே என் மேஜை டிராயர்ல கிடக்கு. வீட்டுக்குப் போகலாமான்னு தோணும்போதெல்லாம் டிராயரைத் திறப்பேன். மடிச்ச காகிதத்தைப் பார்த்தாலே போதும், மூடிடுவேன்.

நீ யோசிக்கறதை நான் யோசிக்கலன்னு நினைச்சியா? அன்னிக்குக் காலையில நான் கையுறை போட்டுக்கிட்டுத்தான் சுருள் உருட்டினேன். ஆனா சோறு ஒட்டிக்கிட்டே இருக்குன்னு நடுவுல ஒரு கையைக் கழட்டினேன். அம்மா பார்க்கல. நான் பண்ணினது எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் பஞ்சுல மருந்து நனைச்சுப் பத்து நகத்தையும் உருக்கித் துடைச்சு எறிஞ்சேன். எதுல பூ இருக்கு, எதுல இல்லன்னு பார்க்கக்கூட எனக்குத் தைரியம் இல்ல. அன்னிக்கே கடைசி பஸ்ஸைப் பிடிச்சேன்.

இங்க கடையில என்னை எல்லாரும் கேலி பண்றாங்க. மத்தவங்க வில்லை மேல ஒரு பூச்சு பூசினா நான் மூணு பூசுவேன். எங்க முதலாளியம்மா, "அகிஹோ, இது நகம், கப்பலோட அடிப்பக்கம் இல்ல"ன்னு சொல்வாங்க. யார் நகத்துல இருந்தும் எதுவும் உதிரக்கூடாது. அவ்வளவுதான் எனக்கு.

அந்தப் பூவை நகத்துல ஒட்டாம வேற எங்க ஒட்டினேனாம்? சொல்லு பார்ப்போம்.

அகிஹோ


தாதெயாமா
டிசம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டு முடிவதற்கு முன் வீட்டைச் சுத்தம் செய்யத் தொடங்கிவிட்டோம். கடைக்குப் புத்தாண்டு வேலை குவிவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அம்மா சொன்னாள். ஆகவே இந்த முறை பருவத்துக்குப் பதிலாக ஒட்டடை.

வேறு எங்கே ஒட்டினாய் என்று கேட்டிருந்தாய். நீ மறந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். அன்னையர் நாளுக்கு அம்மாவுக்கு ஒரு கிளிப் கொடுத்தாய். வரிசையாக ஐந்து கடுகுப் பூ ஒட்டியது. இஷிகே மாமா வீட்டு உத்திரம் அதற்கு அடுத்த வாரம். அம்மா கிளிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல எனக்குப் பூ ஒண்ணுதான் குறைச்சலா? சின்னப் பொண்ணு சாமான்" என்று சொல்லி டிராயரில் போட்டாள். நீ எழுந்து வெளியே போய்விட்டாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுப்படி அலமாரியைத் துடைக்கும் வேலை எனக்கு வந்தது. அம்மா வேலை நேரத்தில் தலையில் கட்டும் துணிகள் அடுக்கியிருக்கும் தட்டில், எல்லாவற்றுக்கும் அடியில், அந்தக் கிளிப் இருந்தது. நான்கு பூ இருக்கிறது. நடுப்பூ இல்லை. இருந்த இடத்தில் காய்ந்த பசை வட்டமாக மஞ்சளித்திருக்கிறது. பூக்களெல்லாம் தடியாக வெட்டியவை. கிளிப்பின் பல்லிடுக்கில் இரண்டு முடி சிக்கியிருந்தது. ஒன்று கறுப்பு, ஒன்று நரை. நம் வீட்டில் நரைமுடி அம்மாவுக்கு மட்டும்தான்.

அம்மா அதை அணிந்திருக்கிறாள் அக்கா. உனக்கு முன்னால் இல்லை. தலைத்துணிக்கு உள்ளே, யாருக்கும் தெரியாமல்.

கிளிப்பை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று வாய்வரை வருகிறது. ஆனால் எப்படிக் கேட்பது என்று யோசிக்கும்போது ஓர் இடத்தில் நின்றுவிடுகிறேன். உன் மேல் தப்பில்லை என்று நான் காட்டினால், அம்மா செய்த தப்பு என்ன என்றும் சொல்ல வேண்டும். நீ கொடுத்ததை ஆசையாக எடுத்து வைத்துக்கொண்டதா? அதை மறைத்ததா? உன் கையைத் தூக்கிக் காட்டியதா? இவை மூன்றும் வேறு வேறு என்று எனக்குப் படுகிறது. ஆனால் அவள் தலையில் அவை ஒன்றாகத்தான் கிடக்கும்.

அந்தக் காகிதத்தைப் பிரித்துப் பார். வேறு எதுவும் கேட்கவில்லை.

சாயோ


கமாதா
டிசம்பர் 15

சாயோ,

பிரிச்சேன்.

தடி வில்லை. பின்னாடி பசை. ஜெல் ஒரு பொட்டுக்கூட இல்ல. நகத்துல இருந்ததுன்னா ஜெல் கண்ணாடி மாதிரி ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். விரலால தொட்டதுமே தெரிஞ்சுடுச்சு. தினமும் இதே வேலை பார்க்கறவ நான். ஊர்ல இருக்கற எல்லா வில்லையையும் பார்த்தேன், இதை மட்டும் பார்க்கல.

கொஞ்ச நேரம் சிரிச்சேன். அப்புறம் அழுதேன். அப்புறம் கோவம் வந்துச்சு, அது இன்னும் போகல.

அம்மாவுக்குத் தெரியும் சாயோ. அன்னிக்கு வேலை முடிஞ்சு தலைத்துணியை அவுத்ததுமே தெரிஞ்சிருக்கும். நடுவுல ஒரு பூ இல்லன்னா தெரியாதா? அப்ப நான் பஸ் ஸ்டாண்டுலதான் உக்காந்திருந்தேன். கடைசி பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருந்துச்சு. ஓடி வந்திருக்கலாம்.

இவ்வளவு நாள் என் தப்புன்னு நினைச்சு வரல. இப்ப அவங்க தப்புன்னு வரமாட்டேன். எது மேல்னு நீயே சொல்லு. முன்னாடியாவது எனக்கு மனசுல ஒரு ஒழுங்கு இருந்துச்சு.

நீ போய் அவங்ககிட்ட கேட்காத. என் பேரைச் சொல்லி ஒண்ணும் கேட்காத. கேட்டு வாங்கற வார்த்தை எனக்கு வேண்டாம். என்கிட்ட மெதுவா, காதோட சொல்ற வார்த்தையும் வேண்டாம். அன்னிக்கு யாரெல்லாம் என் கையைப் பார்த்தாங்களோ, அவங்க முன்னாடி. அப்படி நடக்காதுன்னு எனக்கும் தெரியும். சோறு விக்கறவங்க, "என் தலையில இருந்து விழுந்துச்சு"ன்னு கடையில நின்னு சொல்வாங்களா? புத்தாண்டு வேற வருது.

விழாவுக்கு எனக்காக யாரும் காத்திருக்க வேண்டாம்.

அகிஹோ


தாதெயாமா
டிசம்பர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அலங்காரம் எதுவும் சேர்க்கவில்லை.

நீ சொன்னபடி அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் செய்தேன். துணித் தட்டை மறுபடி அடுக்கும்போது, கிளிப்பை எல்லாவற்றுக்கும் அடியில் வைக்காமல் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். அது கேட்பதுதானா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா மறுநாள் அந்தத் தட்டைத் திறந்தாள், துணியை எடுத்தாள், மூடினாள். பல நாட்கள் அப்படியே போயின. சாப்பிடும்போது என்னை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

நேற்று கடையில் நிற்க இடமில்லை. புத்தாண்டுச் சுருளுக்குச் சொல்லி வைக்க எல்லோரும் கடைசி நாளில்தான் வருவார்கள், உனக்குத் தெரியும். இஷிகே மாமா, சோபா நூடுல்ஸ் கடைக்காரம்மா, என் வகுப்புக் கசுமியின் அம்மா, படகுத்துறை ஆட்கள். நான் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளிருந்து வந்தாள். தலையில் துணி இல்லை. கடை நேரத்தில் அம்மாவின் முடியை அங்கே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காதுக்கு மேலே அந்தக் கிளிப் இருந்தது. நான்கு பூவும் நடுவில் ஓட்டையும்.

இஷிகே மாமாதான் அம்மாவைப் பார்த்து வாயைத் திறந்தார். "என்ன கவானாம்மா, இன்னிக்குப் பூவெல்லாம் வச்சிருக்கீங்க. யாராவது பொண்ணு பார்க்க வர்றாங்களா? நடுவுல ஒரு பல்லைக் காணோமே."

"அந்தப் பல்லைத்தான் நீங்க கடிச்சீங்க" என்றாள் அம்மா.

அவருக்குப் புரியவில்லை. யாருக்கும் புரியவில்லை.

"உங்க வீட்டு உத்திரம் வச்ச அன்னிக்கு. என் மக நகத்துல இருந்து விழுந்துச்சுன்னு அவ கையைத் தூக்கிக் காட்டினேனே. அது அவ கையில இருந்து விழல. துணியை இழுத்துக் கட்டும்போது என் தலையில இருந்து விழுந்துச்சு. இதோ, இங்கேருந்து." அம்மா ஓட்டையில் விரலை வைத்தாள். "அன்னிக்கு நீங்க எத்தனை பேர் அங்க இருந்தீங்களோ அத்தனை பேரும் கேட்டுக்குங்க. இல்லாதவங்ககிட்டயும் போய்ச் சொல்லுங்க. நீங்க சொல்லிடுவீங்கன்னு எனக்குத் தெரியும்."

கடைசி வரி சோபா கடைக்காரம்மாவைப் பார்த்துச் சொன்னது. அவர், "நான் யார்கிட்ட சொல்லப் போறேன்" என்று முணுமுணுத்தார். பிறகு, "இது உங்களுக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டார்.

"அன்னிக்குச் சாயங்காலமே."

"பொண்ணு அப்ப போயிட்டாளா?"

"போகல. பஸ் ஸ்டாண்டுல இருந்தா. நான் செருப்பு மாட்டிக்கிட்டு மீன் சந்தை மூலை வரைக்கும் வந்தேன். அங்க நின்னுட்டுத் திரும்பிட்டேன்."

இதை நானும் நேற்றுத்தான் தெரிந்துகொண்டேன்.

கசுமியின் அம்மா, இந்த வருஷம் வெளியூர் போவதாக இருக்கிறோம், சுருள் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தன் பெயரை அடிக்கச் சொன்னார். அடித்தேன். படகுத்துறை ஆட்களில் ஒருவரும் பின்னாலேயே போய்விட்டார். அம்மா இரண்டு பேருக்கும் குனிந்து வணங்கினாள். நிமிர்ந்தபோது காது சிவந்திருந்தது.

இஷிகே மாமா கன்னத்தைத் தடவிக்கொண்டே நின்றார். "அப்போ பல்லு டாக்டர் நாற்காலியில வாயைத் திறந்துக்கிட்டு அந்தப் பொண்ணை நான் மனசுக்குள்ள திட்டினதெல்லாம் வீணா?"

"வீண்தான்."

"உங்களைத் திட்டியிருக்கணும்."

"இப்பத் திட்டுங்க."

"இப்ப எங்க வருது? பல்லு ஆறிப் போச்சு." என் பக்கம் திரும்பினார். "எனக்கு ரெண்டு சுருள் எழுதிக்கோ சாயோ. எலும்பில்லாம. அக்கா வந்தா என் வீட்டுக்கு அனுப்பு. நான் சொல்ல வேண்டியதை நானே சொல்லிக்கறேன்."

அதற்குப் பிறகு அம்மா கிளிப்பைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். "இதை அடுப்படிக்குள்ள கொண்டு வராத" என்று சொல்லிவிட்டுத் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். அப்புறம் நாள் முழுக்கக் கத்தியின் சத்தம்தான் கேட்டது.

சாயங்காலம் பாத்திரம் துடைக்கும்போது, "அவளுக்கு எழுதறியா?" என்றாள்.

"எழுதறேன்."

"நான் எழுதச் சொன்னேன்னு எழுதாத."

ஆகவே அதையும் எழுதுகிறேன்.

பின்னறையில் அம்மாவின் நீளக்கை பட்டுக் கிமோனோவைக் காற்றாட மாட்டியிருக்கிறாள். உன் கை அவள் கையைவிட நீளம் என்று சொல்லித் தோள் தையலைப் பிரித்து இறக்கிக்கொண்டிருக்கிறாள். ஊசியில் நூல் கோக்க மட்டும் என்னைக் கூப்பிடுகிறாள். நீ வருகிறாயா என்று என்னிடம் கேட்கவில்லை. நானும் உன்னிடம் கேட்கவில்லை.

சாயோ


கமாதா
ஜனவரி 4, 2010

அன்புள்ள சாயோவுக்கு,

டோக்கியோவுல காத்து வறண்டு கிடக்கு. தண்டவாளத்து ஓரத்துல ஒரு புல்லுகூட இல்ல. நம்ம ஊர்ல இந்நேரம் ரோட்டோரமெல்லாம் கடுகு பூத்திருக்கும். பார்த்தியா, எனக்கும் வரும்.

உன் கடிதத்தைக் கடையிலயே பிரிச்சேன். அது தப்பாப் போச்சு. அடுத்து உக்காந்த பொண்ணுக்குச் சுண்டுவிரல்ல பூவைத் தலைகீழா வச்சுட்டேன். முதலாளியம்மா பார்த்தாங்க, திட்டல. என் மூஞ்சியைப் பார்த்துட்டு அவங்களே எடுத்துத் திருப்பி வச்சாங்க.

மீன் சந்தை மூலையில இருந்து பஸ் ஸ்டாண்டு தெரியும் சாயோ. விளக்குக் கம்பத்துக்குக் கீழேதான் நான் உக்காந்திருந்தேன். அவங்க என்னைப் பார்த்திருப்பாங்க. அதை நினைச்சாக் கோவம் வருது. செருப்பு மாட்டிக்கிட்டு வந்தாங்களேன்னு நினைச்சா வேற என்னவோ வருது. ரெண்டையும் எடுத்துக்கிட்டுத்தான் வர்றேன். எதை முதல்ல அவங்ககிட்ட குடுப்பேன்னு எனக்கே தெரியாது. அம்மாகிட்ட முன்கூட்டியே சொல்லி வச்சுடு.

இந்த வாரம் முழுக்க இங்க விழாவுக்குப் போற பொண்ணுங்கதான். கிமோனோ நிறத்துக்கு ஏத்த மாதிரி நகம் கேக்கறாங்க. ஒருத்தி, "அக்கா, உங்களுக்கும் இந்த வருஷம்தானே? நீங்க என்ன பூ?"ன்னா. "ஒண்ணும் இல்ல"ன்னேன். நம்பல. நக அலங்காரம் பண்றவ வெறும் நகத்தோட விழாவுக்குப் போறதான்னு எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்க்கறாங்க.

ஆனா வேற வழி இல்ல. விழா மத்தியானம்தான். அன்னிக்குக் காலையில ஊர்ல பாதி வீட்டுக்கு அம்மா சுருள் உருட்டணும். ஜெல் எல்லாத்தையும் எடுத்துட்டேன். நகத்தை ஒட்ட வெட்டி, தேய்ச்சு, ரெண்டு தடவை சோப்பு போட்டுப் பார்த்தேன். சின்ன வயசுக் கை மாதிரி இருக்கு. சுருள் உருட்ட எனக்கும் ஒரு மூங்கில் பாய் எடுத்து வைக்கச் சொல்லு. கையுறையும் வேணும். ரெண்டு கைக்கும்.

வில்லையை அதே காகிதத்துல மடிச்சு எடுத்துட்டு வர்றேன். ஜெல்லும் சின்ன விளக்கும் பையில இருக்கு. கிளிப்பை நீ பத்திரமா அடுப்படிக்கு வெளியே வச்சிரு. வேலையெல்லாம் முடிஞ்சு, விழாவுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி நடுப்பூவை ஒட்டித் தர்றேன். மூணு பூச்சு பூசுவேன். அம்மா தலைகீழா நின்னாலும் விழாது.

ஒன்பதாம் தேதி மூணு மணி பஸ். பஸ் ஸ்டாண்டுக்கு யாரும் வர வேண்டாம்னு எழுதலாம்னு நினைச்சேன். எழுதல.

சுருள் வெட்டும்போது முனைத்துண்டு ரெண்டையும் நீயே தின்னுடாத. ஒண்ணு என்னுது.

அகிஹோ